ஆரஞ்சு வரிசை

செப்டம்பரில் பள்ளி திறந்து, குலுக்கல் நடந்த அன்று டெல்ரோஸ் பள்ளிக்கூடத்து அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சமையல் வேலைக்குச் சேர்ந்து அவளுக்கு ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. வெளியே மைதானத்தில் பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். தலைநகர் கிங்ஸ்டன் பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சிக்காக வந்திருந்த மிஸ் ஆல்வரங்கா ஒரு துணிப்பைக்குள் கையை விட்டுச் சீட்டு எடுத்து, பெயரை வாசித்து, ஒருவரை இந்தப் பக்கம், ஒருவரை அந்தப் பக்கம் என்று பிரித்து நிறுத்திக்கொண்டிருந்தார். வலப்பக்கம் போனவர்களுக்கு அந்தப் பள்ளி வருஷம் முழுக்கக் காலையில் சாக்லேட் பாலும் சீஸ் வைத்த ரொட்டியும். இடப்பக்கம் போனவர்களுக்கு ஆளுக்குக் கால் ஆரஞ்சு.

டெல்ரோஸின் மகள் நோர்டியா இடப்பக்கம் போனாள். பக்கத்து வீட்டு மார்வா வலப்பக்கம்.

மலைமேல் இருந்த அந்த ஊரில் காலைச் சாப்பாடு எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம் அல்ல. சந்தை லாரி விடியுமுன்னே வந்துவிடும். அதுவரை டெல்ரோஸும் மார்வாவின் அம்மா ஹயசிந்தும் கிழங்கு மூட்டைகளோடு அதில் ஏறிப் போனால், திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். பிள்ளைகள் தாங்களாகவே எழுந்து, புதினாத் தழையைக் கொதிக்கவைத்து, சர்க்கரை போட்டுக் குடித்துவிட்டுப் பள்ளிக்கு நடப்பார்கள். சர்க்கரை தீர்ந்துபோனால் வெறும் புதினாத் தண்ணீர். நோர்டியாவின் அப்பா கரும்பு வெட்ட ஃபுளோரிடாவுக்குப் போனவன். கொஞ்ச காலம் பார்சல் வந்தது. பிறகு அதுவும் நின்றது, அந்த வீட்டில் அவனைப் பற்றிய பேச்சும் நின்றது.

அதனால் பள்ளிக்கூடத்துச் சமையல் வேலை கிடைத்தபோது டெல்ரோஸுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மாதம் பிறந்தால் சம்பளம்; மழையில் நனைந்து மூட்டையின்மேல் உட்கார்ந்து போக வேண்டாம்; மகளைப் பகலில் கண்ணால் பார்க்கலாம். ஹயசிந்த் பொறாமைப்படவில்லை. "இனிமே நீ ஆபீஸர் அம்மா. எங்களையெல்லாம் ரோட்டுல பாத்தா யாருன்னு கேப்பே" என்று கேலி செய்தாள், அவ்வளவுதான்.

ஆரஞ்சு எதற்கு என்பதுதான் டெல்ரோஸுக்குப் புரியவில்லை. மிஸ் ஆல்வரங்காவிடமே கேட்டாள். அவர் பொறுமையாகத்தான் விளக்கினார். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளையும் நாம் கூப்பிட்டு, உட்காரவைத்து, கையில் ஏதாவது கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பால் குடித்த பிள்ளைகள் நன்றாகப் படித்தது சாப்பாட்டாலா, நாம் கவனித்ததாலா என்று சொல்ல முடியாமல் போய்விடும். கால் ஆரஞ்சில் வயிற்றுக்குப் பெரிதாக எதுவும் கிடையாது, அதனால்தான் கால் ஆரஞ்சு.

"ஒண்ணுமில்லாததை எடுத்துக் கொடுக்கறதுக்கு எங்கையில ஒரு கத்தியக் கொடுத்திருக்காங்க" என்று அன்று மாலை ஹயசிந்திடம் சொல்லிச் சிரித்தாள் டெல்ரோஸ். ஹயசிந்தும் சிரித்தாள். 

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? ஒரே வாரத்தில் பால் கட்சி, ஆரஞ்சு கட்சி என்று இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. பால் கட்சிக்காரர்கள் மீசைபோல ஒட்டிய பாலைத் துடைக்காமலே வகுப்புக்குப் போவார்கள். ஆரஞ்சு கட்சிக்காரர்கள் தோலைப் பல்லுக்கு முன்னால் வைத்துக்கொண்டு இளித்துக்காட்டுவார்கள். டெல்ரோஸ் முதலில் வலப்பக்கத்து பெஞ்சுக்குப் பரிமாறுவாள், பிறகு ஆரஞ்சுத் தட்டோடு இடப்பக்கம் வருவாள். தன் மகள் முன்னால் வரும்போது கை தானாகப் பெரிய துண்டைத் தேடும். ஒருநாள் மிஸ் ஆல்வரங்கா பின்னாலிருந்து, "எல்லாம் ஒரே அளவா இருக்கட்டும், மிஸ் டெல்ரோஸ்" என்றார். கோபமாக இல்லை. உப்பு குறைவாக இருக்கிறது என்று சொல்வதுபோல.

ஆறாம் வகுப்பில் கணக்கென்றால் அப்போது நோர்டியாதான். தலைமையாசிரியர் பின்னக் அவளை முன்பெஞ்சில் உட்காரவைத்திருந்தார். ஜனவரியில் நடக்கும் நுழைவுத் தேர்வில் தேறினால் கீழே டவுனில் இருக்கும் ஹைஸ்கூலுக்குப் போகலாம். தேறாவிட்டால் இதே பள்ளிக்கூடத்தில் பதினைந்து வயதுவரை காலத்தைத் தள்ளிவிட்டு, பிறகு கிழங்கு மூட்டைதான். இந்த ஊரிலிருந்து யாரும் தேறிப் பல வருஷம் ஆகிவிட்டது என்றும், இந்த முறை நோர்டியா தேறுவாள் என்றும் அவர் வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டிருந்தார். மார்வா பின்னங்களைக் கற்றுக்கொண்டது நோர்டியாவிடம்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சிமெண்டுத் தொட்டியின் மேல் உட்கார்ந்து, கறிப்பலாக் காயை வெட்டுவதுபோல விரலால் கோடு போட்டுச் சொல்லிக்கொடுப்பாள்.

முதல் சம்பளம் வந்ததும் டெல்ரோஸ் செய்த முதல் காரியம், மாவும் முட்டையும் வாங்கியதுதான். விடிந்ததும் வாணலியில் மாவு உருண்டைகளைப் பொரித்து, முட்டையும் போட்டு மகளுக்குக் கொடுத்தாள். நோர்டியா முதல் நாள் சந்தேகமாகப் பார்த்துவிட்டுத் தின்றாள். பிறகு வாணலிச் சத்தம் கேட்டாலே எழுந்துவிடுவாள்.

மிஸ் ஆல்வரங்கா தினமும் காலையில் ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டு, வீட்டில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். நோர்டியா உள்ளதைச் சொன்னாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மதியம், பாத்திரம் கழுவி முடித்த நேரத்தில், மிஸ் ஆல்வரங்கா சமையலறைக்குள் வந்தார்.

"மிஸ் டெல்ரோஸ், ஒரு நிமிஷம் உக்காருங்க."

"நின்னுக்கிட்டே கேக்கறேன் மிஸ்."

"நோர்டியா இப்பல்லாம் வீட்ல நல்லா சாப்பிட்டுட்டு வர்றா."

"அது என் சம்பளத்துல வாங்கினது மிஸ். இங்கேருந்து ஒரு துணுக்கு வெளிய போகல."

"அதை நான் சந்தேகப்படல. நாங்க வர்றதுக்கு முன்னாடி அவ எப்படி இருந்தாளோ அப்படியே இருந்தாத்தான் எங்க கணக்கு சரியா வரும். ஒவ்வொரு அம்மாவும் இப்படிச் செஞ்சா ரெண்டு பக்கமும் ஒண்ணாயிடும். காலைச் சாப்பாடு போட்டாலும் போடாட்டியும் ஒண்ணுதான்னு சர்க்கார் சொல்லிடும். அப்புறம் இந்த நாட்டுல எந்தப் பிள்ளைக்கும் கிடைக்காது."

டெல்ரோஸ் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள். "அப்போ எம்பொண்ணு வயித்தைக் காயப்போட்டா, ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் சாப்பாடு வரும்."

மிஸ் ஆல்வரங்காவின் முகம் சுண்டிப்போனது. கெட்டவர் இல்லை அவர். பாதிரியார் வீட்டில் ஒரு சிறு அறையில் தங்கிக்கொண்டு, கொசுக்கடியில் வேலை பார்த்தவர். சம்பளம் தாமதமானபோது தன் கைக்காசைக் கொடுத்தவர்.

"ஜூன் வரைக்கும்தான். நான் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆனா சமைக்கிறவங்க வீட்லயே இப்படின்னு தெரிஞ்சா, மேல இருக்கறவங்க வேற ஆளைப் போடச் சொல்வாங்க. அது எனக்குப் பிடிக்கல" என்றார்.

அவர் போன பிறகு டெல்ரோஸ் பின்கதவைத் திறந்தாள். மழைத்தொட்டிக் குழாயடியில் நோர்டியா கை கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

டெல்ரோஸ் மறுநாள் காலை ஒரு முடிவோடுதான் எழுந்தாள். வழக்கம்போல உருண்டைகளைப் பொரித்தாள். மிஸ் கேட்டால் புதினா டீ மட்டும் குடித்ததாகச் சொல்லிவிடு என்று மகளிடம் சொன்னாள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், தன் பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தாள்.

நோர்டியா தட்டைத் தொடவில்லை. பசிக்கவில்லை என்றாள். மறுநாளும் பசிக்கவில்லை. அதற்கு மறுநாள் டெல்ரோஸ் கத்திவிட்டாள். மாவும் எண்ணெயும் மரத்திலா காய்க்கிறது என்று கேட்டாள்.

"மிஸ் என் கண்ணப் பாத்துக் கேப்பாங்கம்மா. எனக்குப் பொய் வராது" என்றாள் நோர்டியா. "நீ மறுபடியும் லாரில ஏறணுமா?"

டெல்ரோஸ் இடைவேளையிலாவது தின்னட்டும் என்று ஒரு பன்னைப் பையில் வைத்து அனுப்பிப் பார்த்தாள். அது மாலையில் நசுங்கித் திரும்பி வந்தது. ஆரஞ்சு வரிசையில் மற்றவர்கள் வெறும் வயிற்றோடு இருக்கும்போது தான் மட்டும் எடுத்துத் தின்றால் கோள் சொல்லிவிடுவார்கள் என்றாள் நோர்டியா. அதன் பிறகு டெல்ரோஸ் பன் வைப்பதையும் விட்டாள். மகளுக்குக் காலையில் பசிப்பதில்லை என்று அவளே அக்கம்பக்கத்தில் சொல்ல ஆரம்பித்தாள். அது பொய் என்று அவளுக்குத் தெரியும். நம்பிக்கொண்டால் வேலைக்குப் போவது சுலபமாக இருந்தது.

இத்தனைக்கும் நோர்டியா அதற்கு முன்னும் பல வருஷம் காலையில் வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் போனவள்தான். ஆனால் அப்போது எல்லோரும் அப்படித்தான் போனார்கள். இப்போது பக்கத்து பெஞ்சில் பால் மணந்தது. அந்த மணத்தை முகர்ந்துவிட்டு வகுப்புக்குப் போய் உட்கார வேண்டியிருந்தது.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது தலைமையாசிரியர் பின்னக் டெல்ரோஸைக் கூப்பிட்டு அனுப்பினார். பத்து மணி ஆனால் பெண் மேஜையில் தலையைச் சாய்த்துவிடுகிறாள் என்றார். தலை வலிக்கிறது என்கிறாளாம். கூட்டலில் தப்பு. போன வருஷம் கண்ணை மூடிக்கொண்டு செய்த கணக்கை இப்போது பாதியில் விட்டுவிட்டு ஜன்னலைப் பார்க்கிறாளாம். யாராவது ஒரு வார்த்தை சொன்னால் சண்டைக்குப் போகிறாளாம். மார்வாவின் பின்னலைப் பிடித்து இழுத்துவிட்டாளாம். வீட்டில் ஏதாவது பிரச்சனையா, வயதுக் கோளாறா என்று கேட்டார். டெல்ரோஸ் அவர் முகத்தைப் பார்த்தாள். தினமும் காலையில் அந்த இரண்டு வரிசையையும் கடந்துதான் அவர் தன் அறைக்குப் போவார்.

"பாத்துக்கறேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் அவர் நோர்டியாவை முன்பெஞ்சிலிருந்து எடுத்து நடுவில் உட்காரவைத்தார். முன்பெஞ்சில் மார்வாவுக்கு இடம் கிடைத்தது. அவள் முகம் தெளிந்து, கன்னத்தில் சதை பிடித்திருந்தது. ஒரு நாள்கூடப் பள்ளிக்கு மட்டம் போடவில்லை. பால் இருக்கும்போது யார் மட்டம் போடுவார்கள்? மாலையில் சிமெண்டுத் தொட்டியின் மேல் இப்போது அவள்தான் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். நோர்டியா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, தலை வலிக்கிறது என்று எழுந்து வந்துவிடுவாள். பிறகு அங்கே போவதையே நிறுத்திக்கொண்டாள்.

தேர்வன்று சனிக்கிழமை. சனிக்கிழமை மிஸ் ஆல்வரங்கா கேள்வி கேட்பதில்லை. டெல்ரோஸ் இருட்டோடு எழுந்து, மகளுக்காகக் கைகொள்ளாமல் சமைத்தாள். உப்புக்கருவாடு, வறுத்த வாழைக்காய், மாவு உருண்டை, டின்பால் கலந்த கோகோ. விட்டுப்போன காலைகளையெல்லாம் ஒரே தட்டில் வைத்துவிடலாம் என்பதுபோல. நோர்டியாவும் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே மறுக்காமல் தின்றாள். தட்டை வழித்துத் தின்றாள்.

இரண்டு அம்மாக்களும் பிள்ளைகளுமாக டவுனுக்கு ஏறிய வேன் மலைப்பாதையில் நாலு வளைவுகூட இறங்கியிருக்காது. நோர்டியா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி எல்லாவற்றையும் வாந்தியெடுத்தாள். வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் பாழானது. டிரைவர் முணுமுணுத்தான். ஹயசிந்த் தன் கைக்குட்டையை நனைத்துத் துடைத்துவிட்டாள். தேர்வு நடந்த பள்ளியின் வாசலில் மார்வா குதித்து இறங்கினாள். நோர்டியா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். உதடு வெளுத்திருந்தது. உள்ளே போகுமுன் ஒரு தடவை திரும்பிப் பார்த்து, "சாப்பாடு நல்லா இருந்துச்சும்மா" என்றாள்.

ஜூனில் முடிவு வந்தது. பேப்பரில் தேறியவர்களின் பெயர்களைப் போட்டிருந்தார்கள். தலைமையாசிரியர் பின்னக் அதைப் பள்ளி வாசலில் நின்று வாசித்தார். அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அது மார்வாவின் பெயர். அவர் இன்னொரு தரம் பேப்பரை மேலிருந்து கீழே பார்த்தார். டெல்ரோஸ் சமையலறை ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் பேப்பரை மடித்த விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அன்று மாலை ஹயசிந்த் வந்தாள். கையில் ஒரு கோழி. வாசலில் நின்றபடியே அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாளா, டெல்ரோஸுக்காக அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"எம்பொண்ணு உன் கையாலதான்டி சாப்பிட்டா" என்றாள். "வருஷம் பூரா உன் கையால. நான் என்னத்தைச் செஞ்சேன்? லாரில உக்காந்து போனேன். நீ ஊட்டின சாப்பாடுதான் அவளைப் பாஸாக்குச்சு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

குத்திக்காட்டச் சொல்லியிருந்தால் டெல்ரோஸ் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். ஆனால் ஹயசிந்த் உள்ளன்போடு சொன்னாள். டெல்ரோஸ் கோழியை வாங்கிக்கொண்டாள். "நல்லா இருக்கட்டும்" என்றாள். உள்ளே நோர்டியா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கோழிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை. சில மாதங்களாகவே அவள் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத் தொடங்கியிருந்தாள். கணக்கு வராவிட்டால், பாட்டு மறந்துவிட்டால், வாளித் தண்ணீர் சிந்திவிட்டால்கூட, "நான் மக்கு" என்பாள். முதலில் விளையாட்டாகச் சொன்னாள். அப்புறம் விளையாட்டு போய்விட்டது.

ஜூலையில் மிஸ் ஆல்வரங்கா பெற்றோரையும் பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துக்கு அழைத்தார். ஆராய்ச்சி முடிந்துவிட்டது, அதன் முடிவைச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டியிருந்தார். அதில் பக்கத்தில் பக்கத்தில் பட்டை பட்டையாக வர்ணம் தீட்டியிருந்தது. ஒன்று உயரம், ஒன்று குட்டை.

காலையில் சாப்பிட்ட பிள்ளைகள் பள்ளிக்கு ஒழுங்காக வந்திருக்கிறார்கள் என்றார். கணக்கில் முன்னேறியிருக்கிறார்கள், எடை கூடியிருக்கிறது, வகுப்பில் தூங்குவது, சண்டை போடுவது குறைந்திருக்கிறது. முன்பே ஒல்லியாக இருந்த பிள்ளைகளிடம்தான் இந்த வித்தியாசம் அதிகம். சாப்பிட்டவர்கள் ஏறிவிட்டார்கள், சாப்பிடாதவர்கள் சறுக்கிவிட்டார்கள். தாங்கள் எதிர்பார்த்ததைவிட முடிவு தெளிவாக வந்திருக்கிறது என்று சொன்னபோது அவர் குரலில் சந்தோஷம் தெரிந்தது. பாதிரியார் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். டெல்ரோஸும் தட்டினாள், மற்றவர்கள் தட்டும்போது சும்மா இருக்கக் கூடாது.

பிறகு எழுந்து நின்றாள்.

"செப்டம்பர்லேருந்து எல்லாப் பிள்ளைங்களுக்கும் பால் வருமா மிஸ்?"

மிஸ் ஆல்வரங்கா கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தார். அறிக்கை கிங்ஸ்டனுக்குப் போகும் என்றார். அமைச்சகம் படிக்கும், காலம் பிடிக்கும். ஆராய்ச்சிக்கு வந்த பணம் இந்த மாதத்தோடு தீர்ந்துவிட்டது.

"அப்போ இனிமே எல்லாரும் ஆரஞ்சு கட்சி" என்றார் பின்னாலிருந்து ஒரு அப்பா.

"ஆரஞ்சும் கிடையாதுப்பா" என்றார் இன்னொருவர். கூட்டம் சிரித்தது.

கூட்டம் கலைந்ததும் மிஸ் ஆல்வரங்கா சமையலறைக்கு வந்தார். டெல்ரோஸ் பானைகளை எண்ணெய் தடவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நோர்டியாவின் பெயரைச் சொன்னார். அதற்குமேல் முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க எதுக்கு மிஸ் அழறீங்க" என்றாள் டெல்ரோஸ். "உங்க வேலை நல்லபடியா முடிஞ்சுது."

அவ்வளவுதான் சொன்னாள். அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. கடைசிப் பானையையும் கவிழ்த்துவிட்டுச் சாவியை அவர் கையில் கொடுத்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது நோர்டியா முன்னால் போய்க்கொண்டிருந்தாள். நெடுநாளைக்குப் பிறகு அவள் நடையில் ஒரு துள்ளல் இருந்தது. வளைவில் நின்று அம்மாவுக்காகக் காத்திருந்தாள்.

"அந்தக் குட்டைப் பட்டையெல்லாம் நாங்கதானேம்மா?"

"ஆமா."

"அப்போ நான் மக்கு இல்ல." அவள் முகம் மலர்ந்திருந்தது. "எல்லா ஆரஞ்சுக்காரங்களுக்கும் அப்படித்தான் ஆயிருக்கு. மிஸ் சொன்னாங்கல்ல? நான் மக்கு இல்லம்மா. பசிதான்."

டெல்ரோஸ் தலையாட்டினாள். மகள் மறுபடியும் முன்னால் ஓடினாள். டெல்ரோஸ் பாதையோரத்துக் கல்லில் உட்கார்ந்து, கால் செருப்பில் முள் இருப்பதுபோலக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பரில் மார்வா புதுச் சீருடையோடு டவுன் பஸ்ஸில் ஏறிப் போனாள். நோர்டியா பழைய பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்குப் போனாள். அங்கே பட்டைத் தாளைப் பற்றி யாரும் பேசவில்லை. தலைமையாசிரியர் பின்னக்கின் கண்ணெல்லாம் இப்போது அடுத்த ஆறாம் வகுப்பின் மேல். சமையலறைக்குப் பூட்டுப் போட்டிருந்தது. டெல்ரோஸ் மறுபடியும் சந்தை லாரியில் ஏறினாள். மூட்டைமேல் ஹயசிந்த் அவளுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தாள்.

புறப்படுமுன் டெல்ரோஸ் மகளுக்காக ஒரு ரொட்டியை வெட்டி, உள்ளே சீஸ் வைத்து, தட்டால் மூடி மேஜையில் வைத்துவிட்டுத்தான் போனாள். யாரும் இனிக் கேள்வி கேட்கப் போவதில்லை. மாலையில் வந்து தட்டைத் தூக்கினால் ரொட்டி வைத்தபடியே இருந்தது. ஓரமெல்லாம் காய்ந்து, எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது.

"ஏண்டி சாப்பிடல?"

"காலைல எதுவும் இறங்க மாட்டேங்குதும்மா" என்றாள் நோர்டியா. "ஒரு வாய் வச்சாலே குமட்டுது. பழகிப்போச்சு."

டெல்ரோஸ் எறும்பைத் தட்டிவிட்டு, ரொட்டியைத் தண்ணீரில் நனைத்து, நின்றபடியே தின்றாள். மறுநாள் லாரி வருமுன் இன்னொன்றை வெட்டி மூடி வைத்தாள். மாலையில் அதையும் அவளேதான் தின்றாள்.